அவை கூடாத நாட்களில் உங்கள் மனு: கூட்டத்தொடர் இடைவேளையைக் கணக்கிட்டு வேலை செய்வது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு குளத்து மடை உடைந்தால், கடற்கரை ஊரில் அலை வீட்டுச் சுவரைத் தொட்டால், மக்கள் உடனே சொல்வது "சட்டசபையில் பேசச் சொல்லுங்க" என்பதுதான். சரியான கோரிக்கைதான். ஆனால் பெரும்பாலான மனுக்கள் அவை கூடிவிட்டது என்று செய்தி வந்த பிறகே கிளம்புகின்றன. அதற்குள் எந்த நாளில் எந்த அலுவல் என்று முடிவாகியிருக்கும். அமைச்சரின் பதிலும் துறையின் அறிவிப்புப் பட்டியலும் தயாராகியிருக்கும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி ஒன்றே: அவை கூடியிருக்கும் நாட்கள் உறுப்பினர்களின் வேலை நாட்கள், கூடாத நாட்கள் உங்கள் வேலை நாட்கள்.

## தெரிந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச விதிகள்

- ஆறு மாத விதி. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. சட்டமன்றத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் 174ஆவது பிரிவும் நாடாளுமன்றத்துக்கு 85ஆவது பிரிவும் இதைச் சொல்கின்றன.
- அலுவல் ஆய்வுக் குழு. அவை எத்தனை நாள் நடக்கும், எந்த நாளில் என்ன அலுவல் என்பதை இக்குழுவே முடிவு செய்கிறது. பேரவைத் தலைவர் இதன் தலைவர். குழு கூடி முடித்ததும் நாட்களை அவரே செய்தியாளர்களிடம் அறிவிப்பார்.
- மானியக் கோரிக்கை. நிதிநிலை அறிக்கை மீதான பொது விவாதம் முடிந்த பிறகு, துறைவாரியாக நிதி கேட்டு நடக்கும் விவாதம். அமைச்சர் பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை வெளியிடுவார். ஊர் வேலைகள் பலவும் அவைக்கு வரும் வாசல் இதுதான்.

## படி 1: எந்த அவை என்று முடிவு செய்யுங்கள்

தவறான அவைக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் ஒரு கூட்டத்தொடர் கழிந்துவிடும். ராதாபுரம் தொகுதிக்குள்ளேயே இரண்டு அவைகளுக்கும் உரிய விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

சட்டமன்றத்துக்கு உரியவை
- ராதாபுரம் கால்வாய். கோதையாறு பாசனத் திட்டத்தைச் சேர்ந்தது. 52 குளங்களுக்கும் 17,000 ஏக்கருக்கும் தண்ணீர் தருவது. துறை: நீர்வளத்துறை.
- தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயிலிருந்து ஊர்க் குளங்களுக்குக் கிளை வாய்க்கால். துறை: நீர்வளத்துறை.
- உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற ஊர்களில் தூண்டில் வளைவு. துறை: மீன்வளம்.
- ஊராட்சிச் சாலை, பள்ளிக் கட்டடம், ஆரம்ப சுகாதார நிலையம்.

நாடாளுமன்றத்துக்கு உரியவை
- கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பானவை: அணுசக்தித் துறை.
- மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம்: விண்வெளித் துறை.
- வள்ளியூர் ரயில் நிலையம், ரயில்வே சுரங்கப்பாதைகள்: ரயில்வே அமைச்சகம்.
- வள்ளியூர், பணகுடி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44: சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.

நாடாளுமன்றத்துக்குரியது என்றால் திருநெல்வேலி மக்களவை உறுப்பினரை அணுக வேண்டும்; ராதாபுரம் அந்த மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும். தமிழ்நாட்டு மாநிலங்களவை உறுப்பினர்களையும் அணுகலாம்.

குறிப்பு: தெருவிளக்கு, நிழற்குடை, வகுப்பறை போன்ற சிறு வேலைகளுக்கு அவையே தேவையில்லை. எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ எம்.பி.யின் உள்ளூர் மேம்பாட்டு நிதியிலோ கேளுங்கள்.

## படி 2: அடுத்த அமர்வு எப்போது என்று கணக்கிடுங்கள்

தேதி அறிவிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாத விதியை வைத்து நீங்களே ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

1. அவை கடைசியாகக் கூடிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" என்று செய்தித்தாளில் வந்திருக்கும்.
2. அதிலிருந்து ஆறு மாதம் எண்ணுங்கள். அது கடைசிக் கெடு.
3. கெடுவிலிருந்து மூன்று வாரம் பின்னுக்கு வாருங்கள். அந்த நாளுக்குள் உங்கள் மனு எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஜூன் 29 அன்று ஒத்திவைக்கப்பட்டது. கெடு டிசம்பர் கடைசி வாரம். அவை கூடியது டிசம்பர் 9. 2025இல் ஏப்ரல் 29 அன்று ஒத்திவைக்கப்பட்டது. கெடு அக்டோபர் கடைசி வாரம்; அவை கூடியது அக்டோபர் 14. இரண்டு முறையும் கெடுவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால்.

கவனிக்க: இப்படிக் கெடுவை ஒட்டிக் கூடும் தொடர்கள் மிகக் குறுகியவை. 2024 டிசம்பரில் இரண்டே நாள். 2025 அக்டோபரில் நான்கு நாள். அதில் முதல் நாள் இரங்கல் தீர்மானத்தோடு முடிந்தது. இத்தகைய தொடரில் ஊர்ப் பிரச்சினைக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம். பெரிய எதிர்பார்ப்பை அடுத்து வரும் நிதிநிலைத் தொடரின் மீது வையுங்கள்.

## படி 3: மூன்று இடைவேளைகளையும் தனித்தனியே பயன்படுத்துங்கள்

நீண்ட இடைவேளை. கோடையில் தொடர் முடிந்தது முதல் ஆண்டின் பிற்பகுதி வரை. அளவெடுப்பது, ஆவணம் சேர்ப்பது, துறையின் மதிப்பீட்டில் வேலையைச் சேர்க்க வைப்பது எல்லாம் இப்போதுதான். அடுத்த ஆண்டுக்கான துறை மதிப்பீடுகள் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே உருவாகத் தொடங்கும். நிதிநிலை அறிக்கை வாசித்த மறுநாள் கொடுக்கும் மனு அந்த அறிக்கைக்குப் பயன்படாது.

ஆளுநர் உரைக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் இடையே உள்ள இடைவேளை. 2025இல் ஆளுநர் உரைத் தொடர் ஜனவரி 6 முதல் 11 வரை நடந்தது. நிதிநிலை அறிக்கை மார்ச் 14இலும் வேளாண் நிதிநிலை அறிக்கை மார்ச் 15இலும் வந்தன. இடையில் கிடைத்தது இரண்டு மாதம். உறுப்பினர்கள் சொந்தத் தொகுதியில் இருக்கும் காலம் இது. நேரில் சந்திக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

நிதிநிலை அறிக்கைக்கும் உங்கள் துறையின் மானியக் கோரிக்கைக்கும் இடையே உள்ள சில நாட்கள். 2025இல் அறிக்கை வந்த பத்தாம் நாளே மானியக் கோரிக்கைகள் தொடங்கிவிட்டன. உங்கள் துறை முதல் வாரத்தில் வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. இந்தச் சில நாட்களில் நினைவூட்டல் மட்டும்தான் செய்ய முடியும். புதிதாக எதையும் தொடங்க முடியாது.

தேர்தல் ஆண்டில் இந்த வரிசை மாறும். 2024இல் நிதிநிலை அறிக்கை பிப்ரவரி 19 அன்று வந்தது. மக்களவைத் தேர்தலால் மானியக் கோரிக்கைகள் ஜூன் 20க்குப் பிறகே நடந்தன. நான்கு மாத இடைவேளை. ஆனால் அதில் பெரும்பகுதி தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்த காலம். புதிய அறிவிப்புகள் செய்ய முடியாது. அத்தகைய மாதங்களில் ஆவண வேலையை மட்டும் முடித்து வையுங்கள். தேர்தல் முடிந்ததும் தொடர் சுருக்கமாகவும் அவசரமாகவும் நடக்கும்; அப்போது முழு மனு கையில் இருப்பவருக்கே பயன்.

### நாடாளுமன்ற இடைவேளை

நிதிநிலைத் தொடரின் நடுவே நாடாளுமன்றத்துக்குச் சில வாரம் இடைவேளை விடுவது வழக்கம். 2025இல் முதல் பகுதி ஜனவரி 31 முதல் பிப்ரவரி 13 வரையும் இரண்டாம் பகுதி மார்ச் 10 முதல் ஏப்ரல் 4 வரையும் நடந்தன. இடையில் உள்ள நாட்கள் விடுமுறை அல்ல. துறைசார் நிலைக்குழுக்கள் ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் உட்கார்ந்து ஆராயும் நாட்கள் அவை. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர்.

கூடங்குளமும் மகேந்திரகிரியும் வெவ்வேறு துறைகள். ஆனால் அணுசக்தித் துறை, விண்வெளித் துறை இரண்டும் ஒரே நிலைக்குழுவின் கீழ் வருகின்றன: அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்றக் குழு. அதில் தமிழ்நாட்டு உறுப்பினர் யார் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் பார்த்து, இடைவேளை தொடங்கும் முன்பே கடிதம் அனுப்புங்கள்.

மக்களவையில் கேள்வி கேட்கப் பதினைந்து முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். நாளொன்றுக்கு வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப்பூர்வ பதிலுக்கானவை 230. இந்தப் பதினைந்து நாள் பெரும்பாலும் இடைவேளைக்குள்தான் விழும். மார்ச் இரண்டாம் வாரத்தில் பதில் வேண்டுமானால், பிப்ரவரி நடுவிலேயே எம்.பி. அலுவலகத்தில் உங்கள் கேள்வி இருக்க வேண்டும்.

## படி 4: எட்டு வார வேலைத் திட்டம்

உதாரணத்துக்கு, கால்வாயின் கடைமடையில் உள்ள ஒரு குளத்து மடையைச் சீரமைப்பது என்று வைத்துக்கொள்வோம். படி 2இல் கண்ட நாளிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி வந்து தொடங்குங்கள்.

1. முதல் வாரம். குளத்தின் பெயர், கிராமம், சர்வே எண், ஆயக்கட்டு ஏக்கர், மடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். மடையின் உள்பக்கம், வெளிப்பக்கம், கரை மூன்றையும் தேதியுடன் படமெடுங்கள். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஒரு முறை, வறண்டிருக்கும்போது ஒரு முறை எடுத்தால் கசிவு எங்கே என்று படமே காட்டிவிடும்.
2. அதே வாரம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இந்த மடைக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளதா, கோப்பு எண் என்ன, எந்த அலுவலகத்தில் உள்ளது" என்று கேட்டு மனு அனுப்புங்கள். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்ற வில்லை ஒட்டலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். அதனால்தான் இதை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்கிறோம்.
3. இரண்டு, மூன்றாம் வாரம். நீர்வளத்துறை உதவிப் பொறியாளரைப் பாருங்கள். மதிப்பீடு இல்லை என்றால் தயாரிக்கக் கேளுங்கள். மதிப்பீடு இல்லாத வேலைக்கு அமைச்சர் அவையில் சொல்லக்கூடிய பதில் "பரிசீலிக்கப்படும்" என்பது மட்டுமே.
4. நான்கு, ஐந்தாம் வாரம். கிராம சபைத் தீர்மானம் பெறுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். அக்டோபர் அமர்வுக்கு ஆகஸ்ட் 15 தீர்மானமும், நிதிநிலைத் தொடருக்கு நவம்பர் 1 அல்லது ஜனவரி 26 தீர்மானமும் சரியாகப் பொருந்தும். உங்கள் எட்டு வாரத்துக்குள் இவற்றில் எதுவும் வரவில்லை என்றால் முந்தைய கூட்டத்திலேயே வாங்கி வையுங்கள். பணகுடி போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை இல்லை. வார்டு உறுப்பினர் வழியாக மன்றத் தீர்மானம் கேளுங்கள்.
5. ஆறாம் வாரம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். அங்கே அதிகாரிகள் தரும் பதில் எழுத்தில் வரும். அதன் நகல் உங்கள் மனுவுக்கு நல்ல இணைப்பு.
6. ஏழாம் வாரம். எம்.எல்.ஏ.வைத் தொகுதி அலுவலகத்தில் சந்தியுங்கள். மூன்று பேர் போதும். பேசுவது ஒருவர். வெளியே வந்ததும் உதவியாளரிடம் தனிப் பிரதி ஒன்று கொடுத்து, "அண்ணாச்சி, நீர்வளத்துறை மானியம் எந்தத் தேதின்னு தெரிஞ்சதும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். கோரிக்கையைத் தேதியோடு இணைத்துக் கேட்டால் அது அவர் நினைவில் நிற்கும்.
7. எட்டாம் வாரம். நாங்குநேரி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை போன்ற மாவட்டத்தின் பிற தொகுதி உறுப்பினர்களுக்கும், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கும், துறை அமைச்சருக்கும் பிரதி அனுப்புங்கள்.
8. தேதி அறிவிக்கப்பட்ட அன்று. உங்கள் துறையின் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள். இரண்டாவது வேண்டாம்.

## ஒரு பக்க மனு எப்படி இருக்க வேண்டும்

உறுப்பினர் அவையில் எழுந்து நிற்கும்போது கையில் வைத்துப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் வரியே கோரிக்கையாக இருக்கட்டும்.

இப்படி வேண்டாம்: "எங்கள் பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லொணாத் துயரம் அனுபவித்து வருகிறார்கள். தாங்கள் தாயுள்ளத்தோடு..."

இப்படி எழுதுங்கள்: "கோரிக்கை: ராதாபுரம் வட்டம், ___ கிராமம், ___ குளத்தின் இரண்டாம் மடைக் கதவையும் அதை ஒட்டிய கரையையும் சீரமைக்க, வரும் நிதியாண்டு நீர்வளத்துறை மானியத்தில் நிதி ஒதுக்க வேண்டும். ஆயக்கட்டு: ___ ஏக்கர். கோப்பு எண்: ___."

அதன் கீழே நான்கே பத்திகள்: என்ன பழுது, யாருக்குப் பாதிப்பு, இதுவரை யாரிடம் என்ன தேதியில் கேட்டோம், அவர்கள் சொன்ன பதில் என்ன. முடிவில் அமைச்சரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி. படங்கள், தீர்மானம், ஒப்புகைச் சீட்டு எல்லாம் பின்னிணைப்பு.

## உங்கள் உறுப்பினரால் கேள்வி கேட்க முடியாத நிலையில்

ராதாபுரத்துக்கு இப்படியொரு நிலை வெறும் கற்பனை அல்ல. அப்போது இத்தொகுதியின் உறுப்பினராக இருந்த மு. அப்பாவு 2021 மே மாதம் 16ஆவது சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரானார். இதே மாவட்டத்தின் சேரன்மகாதேவியிலிருந்து பி.எச். பாண்டியனும் அம்பாசமுத்திரத்திலிருந்து இரா. ஆவுடையப்பனும் முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர்கள். பேரவைத் தலைவர் அவையை நடத்துபவர். கேள்வி கேட்பதோ தொகுதிக்காக விவாதத்தில் பேசுவதோ அவர் பணி அல்ல. அமைச்சராக இருப்பவரும் சக அமைச்சரிடம் கேள்வி கேட்பதில்லை.

அப்போது செய்ய வேண்டியவை:

1. அவையில் ஒலிக்க வேண்டிய கேள்வியைப் பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் கொடுங்கள். ஒரே கால்வாயோ ஒரே சாலையோ இரு தொகுதிகளையும் தொட்டால் இது எளிது.
2. உங்கள் உறுப்பினரிடம் வேறொன்று கேளுங்கள்: துறை அமைச்சருக்கு அவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம். இதற்கு அவை கூடியிருக்கத் தேவையில்லை.
3. பேரவை மனுக்கள் குழுவுக்கு எழுதுங்கள்.

மனுக்கள் குழுவுக்கு எழுதும்போது: முகவரி, தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை – 600 009. தமிழில், ஐந்து பிரதிகள். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை. பட்டா, வேலைவாய்ப்பு, ஓய்வூதியம், கடன், தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள். குழு மாவட்டத்துக்கு வரும் முன் கலெக்டர் அலுவலகம் பத்திரிகைச் செய்தி வெளியிடும். கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- ஒரே மனுவில் பத்துக் கோரிக்கை. மடை, பேருந்து, ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஒரே தாளில் இருந்தால் எந்தத் துறையும் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. தனித்தனித் தாள்.
- நேரமில்லா நேரத்தை (ஜீரோ அவர்) நம்புவது. 2024 ஜூன் 20 அன்று அவை கூடியபோது கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகள் நாட்டையே உலுக்கியிருந்தன. அத்தகைய நாளில் வேறு எதற்கும் அவையில் இடமிருக்காது, இருக்கவும் கூடாது. துறைக் கோப்பில் ஏறிய கோரிக்கை மட்டும் இதனால் பாதிக்கப்படாது.
- ஒருவரை மட்டும் நம்புவது. ஒரே கோரிக்கையை மூன்று உறுப்பினர்களிடம் கொடுப்பது தவறல்ல. யாரிடமெல்லாம் கொடுத்தீர்கள் என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.
- தொடர் முடிந்ததும் விட்டுவிடுவது. நாடாளுமன்றத் தொடர் முறைப்படி முடித்து வைக்கப்பட்டதும் நிலுவையில் இருந்த நோட்டீஸ்கள் பெரும்பாலும் காலாவதியாகிவிடும். அடுத்த தொடருக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.
- தண்ணீர் வரும் பருவத்தை மறப்பது. ராதாபுரம் கால்வாயில் ஜூன் நடுவில் தண்ணீர் திறப்பது வழக்கம். ஏப்ரலில் அறிவித்த வேலை அந்த ஆண்டுத் தண்ணீருக்கு முன் முடியாது. அதுவரை தாங்குவதற்கான தற்காலிகப் பராமரிப்பைத் தனி மனுவாகக் கலெக்டரிடம் கேளுங்கள்.

## பாதுகாப்பு

1. மூல ஆவணங்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.
2. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள், போடாதீர்கள். ஊரில் இல்லாதவரின் கையெழுத்தை வேறொருவர் போட்டால் அது மோசடி. முழு மனுவும் கெடும்.
3. கையெழுத்துப் பட்டியலில் ஆதார் எண் வேண்டாம். பெயர், ஊர், கையெழுத்து மட்டும்.
4. "சட்டசபையில் கேட்க வைக்கிறேன்" என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவையில் கேள்வி கேட்க எந்தக் கட்டணமும் கிடையாது.
5. பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினர் பரிந்துரையுடன் அனுமதிச் சீட்டு பெற்றுச் செல்லலாம். அங்கே கோஷம் போடுவது, துண்டுச்சீட்டு வீசுவது, படம் எடுப்பது அவையின் உரிமையை மீறுவதாகும், தண்டனை உண்டு.
6. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.
7. பழுதான மடையின் மீதோ அரிக்கும் கரையின் மீதோ நின்று படமெடுக்காதீர்கள். தண்ணீர் ஓடும் நாளில் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள்.

## அவையில் பதில் வந்த பிறகு

அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று சொன்னால் வேலை முடிந்துவிடவில்லை. இந்த நான்கையும் செய்யுங்கள்:

1. பதிலின் நாள், துறை, சொன்ன வாக்கியம் மூன்றையும் எழுதி வையுங்கள். அவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துத் தர எம்.எல்.ஏ. அலுவலகத்தைக் கேளுங்கள்.
2. ஒரு மாதத்துக்குள் நீர்வளத்துறைக் கோட்ட அலுவலகத்தில் நிர்வாக ஒப்புதல் வந்ததா என்று விசாரியுங்கள். அரசாணை எண் கிடைக்கும் வரை அறிவிப்பு வெறும் அறிவிப்புதான்.
3. நகராவிட்டால் பேரவையின் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள். அமைச்சர்கள் அவையில் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று கண்காணிப்பதே அதன் வேலை. மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வு செய்வதும் உண்டு.
4. அடுத்த இடைவேளைக்கான நாட்காட்டியை அன்றே எழுதுங்கள்.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு 2009இல் வேலை தொடங்கி, 2025 பிப்ரவரியில்தான் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கால்வாய். இடையில் பல கூட்டத்தொடர்களும் பல இடைவேளைகளும் கடந்துபோயின. பெரிய வேலைகள் ஒரே தொடரில் முடிவதில்லை. ஆனால் ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் கோப்பு எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரு தாளை உரிய இடத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும் ஊரின் கோரிக்கை மறக்கப்படாது. ஆகவே ஊரில் இருவரைப் பொறுப்பாக்குங்கள்: ஒருவர் கோப்புக்கு, ஒருவர் தேதிக்கு. இந்த அத்தியாயத்தை மூடும் முன், அவை கடைசியாகக் கூடிய நாளைத் தேடி எழுதி, அதிலிருந்து ஆறு மாதத்தை எண்ணிவிடுங்கள்.